பைன் கன்று நட்டவர்

டோர்செட் பார்க் என்ற பகுதியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள பூங்காவில் பைன் கன்று நட்டவரின் பெயரை நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள், நாற்பது வயதிருக்கும், ஒரு தோள் சரிந்திருக்கும். ஒவ்வொரு கன்றையும் தொப்பியைக் கழற்றி, முழங்காலில் நின்றுதான் பார்ப்பார்.

ஒரு காலத்தில் அங்கே புல்வெளியும் இடைக்கிடை பைனுமாக இருந்ததாம். அதைத் திரும்ப உண்டாக்கத்தான் அவரை வைத்திருந்தார்கள். இந்தக் கோடையில் கன்று தப்பிப் பிழைக்காவிட்டால் தன் வேலையும் இல்லை என்று சொல்லியிருந்தார்.

கன்றுகளைச் சுற்றிப் புல் மண்டிக் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. மிளகாய்த் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிய கை இது. அவர் வராத இரண்டு நாளில் எல்லாவற்றையும் துப்புரவாக்கினேன். அந்தக் கிழமை வெயில் எரித்தது. கன்றுகள் சிவந்து கருகிவிட்டன.

"உந்தப் புல்லை ஆர் அன்ரி பிடுங்கினது?"

"நான்தான் தம்பி. களையெண்டு நினைச்சன்."

"உதுதான் கண்டுக்கு நிழல், அன்ரி. கண்டு வளர்ந்தாப் பிறகுதான் ரெண்டுக்கும் சண்டை. இப்ப ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு நிண்டது."

நாங்கள் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே அவருடைய மேலதிகாரி வந்து, என்ன நடந்தது என்று கேட்டார். கன்று நட்டவர் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீர் ஊற்றாமல் விட்டது தன் பிழை என்றார். அவ்வளவு இங்கிலிஷ் எனக்கும் விளங்கும். நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த கிழமை மெஷின் வந்து அந்த வெளியை ஒட்ட வெட்டியது. அவர் பிறகு வரவில்லை. என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.