வாப்பாவின் காது

ஊரடங்கு போட்டு மதரஸாவும் பள்ளிவாசலும் பூட்டிக் கிடந்த அந்த வருஷம், எங்கள் குர்ஆன் ஓதல் வாப்பாவின் போனுக்குள் குடிவந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத் அன்றைய பாடத்தை ஓதி குரூப்பில் வொய்ஸ் அனுப்புவார். நாங்கள் கேட்டு, திருப்பி ஓதி அனுப்ப வேண்டும். முதலில் சரியாக ஓதும் பிள்ளைக்கு எல்லோரும் கேட்க ஒரு 'மாஷா அல்லாஹ்' கிடைக்கும். எனக்கு ஒன்பது வயது. அந்த ஒரு சொல்லுக்காக உயிரையே விடுவேன்.

அதற்குக் குறுக்கே நின்றவர் வாப்பாதான். கம்பளை டவுனில் பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தார். நான் பாடத்தைப் போட்டதும் கதிரையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

"சரியா கேக்குதில்ல மகள். இன்னொருக்கா போடுங்க."

போடுவேன். "அந்த எடம் மட்டும் இன்னொருக்கா." அதற்குள் அடுத்த வீட்டுச் சாச்சியின் மகன் ஓதி அனுப்பி, எனக்குரிய மாஷா அல்லாஹ்வைத் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

வாப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். உம்மாவிடம் சொன்னபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வாப்பாகிட்ட சொல்ல வாணாம்" என்றார். உம்மா கலியாணத்துக்கு முன் மதரஸாவில் நன்றாக ஓதியவர்.

நோன்பு நெருங்கியது. பள்ளிவாசல் திறக்காது, நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவீஹை வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். வீட்டுக்கு வீடு வாப்பாமார் முன்னின்று ஓதித் தொழுவிக்கும் இமாமாக வேண்டியதாயிற்று. எங்கள் வாப்பாவுக்கு குர்ஆனில் நாலைந்து சின்ன சூராக்கள்தான் மனப்பாடம் என்பதோ, உம்மா கேட்க எப்படி ஓதுவது என்று அவர் கலங்கியதோ எனக்குத் தெரியாது. அவருடைய செவிடு முற்றிவிட்டது என்பதுதான் தெரிந்தது. வள்ளுஹா சூராவைப் போட்டுப் போட்டே எனக்கு அலுத்துவிட்டது. வாப்பா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஹஸ்ரத்துக்குத் தனியாக ஒரு வொய்ஸ் தட்டிவிட்டேன்.

"ஹஸ்ரத், வாப்பாக்கு காது கேக்குதில்ல. ஒவ்வொரு பாடத்தயும் திருப்பித் திருப்பிப் போடச் சொல்றாரு. கொஞ்சம் சத்தமா ஓதுங்க."

மறுநாளும் வள்ளுஹாதான், ஆனால் ஓதும் விதம் மாறியிருந்தது. சத்தம் கூடவில்லை, வேகம்தான் குறைந்திருந்தது. ஒவ்வொரு ஆயத்தையும், வசனம் வசனமாக, ஓதிவிட்டு, ஒருவர் ஆறுதலாகத் திருப்பிச் சொல்லும் அளவுக்கு இடைவெளி விட்டார். அடித்தொண்டையிலிருந்து எழ வேண்டிய 'ஹா' எழுத்து வரும் இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை ஓதிக் காட்டினார். சத்தத்தைக் கூட்டச் சொன்னால் சோம்பலைத் தருகிறாரே என்று அவர் மீதும் எனக்குக் கோபம்.

முதல் தராவீஹுக்கு ஹாலில் பாய் விரித்தோம். வாப்பா முன்னால், தம்பி நடுவில், பின்னால் நானும் உம்மாவும். கடையில் தெருவே அதிரக் கூப்பிடுகிறவரின் குரல் நடுங்கியது. பிறகு வள்ளுஹா வந்தது. ஓர் எழுத்து பிசகவில்லை. ஹஸ்ரத் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார். ஹஸ்ரத் செருமிய இடத்தில் செருமவும் செய்தார். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்ததும் வாப்பா திரும்பி உம்மாவைத்தான் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் உம்மா. எனக்கு வர வேண்டியது அங்கேயும் கைமாறிப் போனது. ஆனாலும் வாப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஹஸ்ரத்துக்கு நல்ல செய்தி சொன்னேன். "வாப்பாட காது சொகமாகிட்டு. இனி நீங்க வேகமா ஓதலாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று வந்தது.

அதன் பிறகும் நோன்பு முழுக்கப் பாடம் மெதுவாகவே வந்தது. ஹஸ்ரத்துக்கு இவ்வளவு மறதியா என்று உம்மாவிடம் கேட்டேன்.