திருப்பி வைத்த திரை

ஸ்கேன் அறையில் மூன்று பேர் இருப்போம்: டாக்டரம்மா, சிஸ்டர், நான். என் வயிற்றுக்குள் நடப்பதை அவர்கள் இரண்டு பேரும் பார்ப்பார்கள், நான் பார்க்கக் கூடாது. திரையை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார்கள். பார்த்தால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுமாம். கடையில் நல்ல கத்தரிக்காய் பார்த்து எடுக்கவே எனக்கு வராது, இதில் அதைக் கண்டுபிடித்துக் கிழித்துவிடப் போகிறேனாக்கும்!

முதலில் எடுத்த ஸ்கேனில், குழந்தையின் மூளைக்குள் நீர் இருக்கிற இடம் கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டார்கள். தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அந்த டாக்டரம்மா, வயிற்றுக் குழந்தை எந்த வாரத்தில் எப்படியெல்லாம் அசைகிறது, அதை வைத்து மூளை எப்படி வளர்கிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து படுத்தால் போதும், அரை மணி நேரம் படம் பிடித்துப் பார்ப்பேன் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

வேறு யாரிடம் கேட்பது? அம்மா போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. கணவரும் மாமியாரும் பிரான்சில். என் விசா எந்த மேசையில் தூங்கிக்கொண்டிருந்ததோ, அந்தப் புண்ணியவானுக்கே வெளிச்சம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணவரின் போன் வரும். மற்ற நாளெல்லாம் உப்பளம் பேட்டை வாடகை வீட்டில் நானும் டிவியும்தான். சில நாள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். மீன்காரம்மா வந்தால், வாங்குகிறேனோ இல்லையோ, விலை கேட்டு நிறுத்திவைத்துக்கொள்வேன்.

திரை தெரியாததால் டாக்டரம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். புருவம் ஏறினால் எனக்கு உயிர் போகும். அவர் லேசாகச் சிரித்தால் அந்த இரண்டு வாரத்தையும் ஓட்டிவிடுவேன்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்த நீர் இடத்தை மறுபடி அளக்கப் போகிறார்கள் என்று தெரியும். குழந்தை நல்லபடியாக இருக்க வேண்டுமே என்று, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் போய்ப் படுத்தேன்.

டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்து இப்படி நகர்த்தினார், அப்படி நகர்த்தினார். முகத்தில் சிரிப்பு இல்லை. சிஸ்டரைப் பார்த்தார்.

"என்னா டாக்டர்?"

"இதயம் நல்லா துடிக்குது. ஆனா அசையவே மாட்டேங்குது. ஏம்மா, சாப்ட்டியா?"

"இல்ல டாக்டர். ஒருசந்தி நோன்பு."

"கடவுளே! புள்ளத்தாச்சிக்கு என்னா ஒருசந்தி? உங்க கோயில் சாமியாரே வேணாம்னுதானே சொல்லுவாரு?"

"புள்ளைக்காகத்தான் டாக்டர் இருந்தேன்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சிஸ்டர் ஓடிப்போய்ச் சாத்துக்குடி ஜூஸும் இரண்டு பன்னும் வாங்கி வந்தார். நோன்பாவது ஒன்றாவது! ஆண்டவரே, மன்னித்துக்கொள்ளும் என்று மடமடவென்று தின்றேன். கொஞ்சம் நடக்கச் சொன்னார்கள், நடந்தேன். திரும்பப் போய்ப் படுத்தேன்.

கருவியை வைத்த கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது.

"முழிச்சிக்கிச்சு. தா பாரு, காலை நீட்டுது. கொட்டாவி விடுது. விரலை விரிக்குது, மடக்குது."

"அந்தத் தண்ணி இடம், டாக்டர்?"

அவர் அளந்தார். இன்னொரு தடவை அளந்தார்.

"குறைஞ்சிருக்கும்மா. பயப்படாத."

திரையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். என் வலது கையை எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். அந்தக் கையை என் கன்னத்தில் கொண்டுபோய் ஒட்டி வைத்தார்.

"இப்டித்தான் வெச்சிருக்கு."

என் கையை ஒருவர் பிடித்து எத்தனை மாதமாயிற்று! குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகும் அந்தக் கையை எடுக்க மனம் வரவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பல்லு வலியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. எம் புள்ள வயித்துல இப்டித்தான் கையை வெச்சிக்கினு படுத்திருக்கு."

அவருக்கு என்ன புரிந்ததோ, வேகத்தடை வந்த இடமெல்லாம் வண்டியை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்வரை அதை நான் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.