மாஸ்டர் வீட்டுச் சிரட்டை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் குண்டசாலை வீட்டு வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. இறங்கியவர் நசீர் நானா. கையில் ஒரு ஃபைல், முகத்தில் கவலை.

நானாவுக்குத் திகனயில் பட்டன் பட்டறை. தேங்காய்ச் சிரட்டையை வட்டமாக வெட்டி, தேய்த்து, துளை போட்டு, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று பட்டனாக்கிவிடுவார். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். பட்டன்கள் பல்லேகலயில் ஒரு கார்மென்ட் தொழிற்சாலைக்குப் போய், கோட்டில் ஏறி, ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன. பத்து வருடமாக ஒரு சிக்கலும் இல்லை.

இப்போது வந்துவிட்டது... டிஜிட்டல் பதிவு!

அதாவது, கோட்டின் உள்பக்கத்தில் ஒரு QR குறியீடு இருக்கும். வாங்குகிறவர் போனைக் காட்டினால் துணி எங்கே நெய்தது, சாயம் எங்கே போட்டது, பட்டன் எதில் செய்தது என்று கோட்டின் முழு ஜாதகமும் வரும். நல்ல விஷயம்தானே? ஆனால் அந்த ஜாதகத்தை எழுதுவது யார்?

“வெள்ளிக்கிழமைக்கு முந்திக் குடுக்கணுமாம், மாஸ்டர். குடுக்காட்டி பிளாஸ்டிக் பட்டன் போடுவாங்களாம். அந்த ஆறு பேருக்கும் நான் என்னத்த செல்ற?” என்றார் நானா. “நீங்கதானே பேப்பர்ல எழுதுற ஆள்.”

போதாதா? முப்பது வருடம் வாத்தியார் வேலை, பத்து வருடம் பத்தி எழுத்து. ஃபைலில் இருந்த படிவத்தில், ‘மூலப்பொருள் கிடைக்கும் இடம்’ என்ற கட்டத்தில் வெளுத்து வாங்கினேன். ‘மத்திய மலைநாட்டின் பசுமை கொஞ்சும் இயற்கை வளத்திலிருந்து மிகுந்த சிரத்தையுடன் தெரிவு செய்யப்பட்டவை’. நானா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவருடைய சிரட்டை மீது அவருக்கே மரியாதை வந்துவிட்டது.

மறுநாள் கார்மென்ட்டில் இந்தப் பதிவுக்குப் பொறுப்பான சசிகலா மிஸ் போன் பண்ணினார்.

“சேர், ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. ஆனா சிரட்டை எங்கருந்து வருதுங்க?”

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அதைத்தானே இரண்டு வரி எழுதினேன்! மறுபடி வாசித்துப் பார்த்தேன். இரண்டு வரியிலும் சிரட்டை வந்த இடம் மட்டும் இல்லை.

வியாழக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை நானா சொல்ல, நான் எழுதினேன். ஃபைல் பார்க்கவில்லை மனுசன், எல்லாம் மனப்பாடம். திகனயில் ஒரு ரொட்டிக்கடை. ஒரு கல்யாண மண்டபம். பதினாறு வீடுகள். அப்புறம் கோயில்.

“கோயிலா?”

“ஓ... அர்ச்சனைத் தேங்காய் அச்சா ரெண்டாப் பொளந்து ஈக்கும். பூசை ஐயா சேத்து வெச்சித் தருவாரு. கோட்டுக்கு அதுதான் பெஸ்ட். சிதறுதேங்காய் சட்டைக்கை பட்டனுக்குத்தான் சரி.”

பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய், நானாவின் பட்டறை வழியாக, பனி பெய்யும் ஊரில் யாரோ ஒருவரின் கழுத்துக்குக் கீழே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அடுத்தது, மாஸ்டர் வீடு. கிழமைக்குப் பதினாலு சிரட்டை” என்றார் நானா.

பேனா நின்றது.

இங்கே ஒரு குடும்ப ரகசியத்தைச் சொல்ல வேண்டும். எனக்குக் கொலஸ்ட்ரோல். என் மகள் கொழும்பில் டொக்டர். வாரத்துக்கு இரண்டே தேங்காய் என்று அவளிடம் நானும் மனைவியும் ஒரே குரலில் சொல்லி வருகிறோம். இரண்டு தேங்காய்க்கு நாலு சிரட்டை. பதினாலு என்றால்? ஒரு நாளைக்கு ஒரு தேங்காய்.

“நானா, நம்ம வீட்டுக்கு நாலுன்னு போடுவோமே” என்றேன் மெதுவாக.

நானா என்னைப் பார்த்தார். “அப்ப பட்டன் கணக்கு ஒத்து வராதே, மாஸ்டர். ஒண்டு பொய்யெண்டு பிடிச்சா எல்லாம் பொய்யெண்டுதானே நெனைப்பாங்க. பட்டன் ஓடரே போயிடும்.”

அந்த ஆறு பெண்களில் ஒருத்தி என்னிடம் படித்தவள். வெட்கமாகப் போய்விட்டது.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “பதினாலுன்னே எழுதுங்க. அவ என்ன அந்தக் கோட்டு வாங்கப் போறாளா?”

எழுதினேன்.

வெள்ளி மாலை சசிகலா மிஸ்ஸின் போன். பதிவு ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது! வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோயில் விஷயம் மிகவும் பிடித்துவிட்டதாம். அடுத்த சீசன் கோட்டுக்கும் நானாவின் பட்டன்தான். ஒரு மணித்தியாலத்தில் நானா வந்துவிட்டார், பெரிய சட்டி நிறைய வட்டிலாப்பத்துடன். திக்கான தேங்காய்ப்பாலில் செய்தது. பட்டறைப் பெண்கள் ஆறு பேரும் சேர்ந்து அவித்தார்களாம். ஒரு வேலையைப் பிடித்து வைத்துக்கொண்ட கைகளின் ருசி அதில் இருந்தது.

சசிகலா மிஸ் அந்தப் பதிவின் லிங்க்கையும் அனுப்பியிருந்தார். என் வீடு ஐரோப்பா போகிறது, பெருமை இருக்காதா? யோசிக்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

ஐந்தே நிமிடம். மகளிடமிருந்து போன் கோல்.

“அப்பா, ‘மாஸ்டர் வீடு, குண்டசாலை. வாரம் பதினாலு சிரட்டை’ன்னு போட்டிருக்கே... அது எந்த மாஸ்டர்?”

வாய் நிறைய இருந்த வட்டிலாப்பத்தை அவசரமாக விழுங்கினேன்.