மலைக்குப் போன பெரிய கேமரா

என் தாய்மாமன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அவர் பிள்ளைகள் திதி கொடுக்கும்போதெல்லாம் நானும் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். இறந்தவரைக் குறை சொல்வது பாவம் என்பதும் தெரியும். இருந்தாலும் ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. என் அப்பாவின் கேமராவை அவர் என் கண்ணெதிரே, வேண்டுமென்றே, கட்டைவிரல் நகத்தால் கிழித்தார். கிழித்துவிட்டு, அது முன்பே கிழிந்து கிடந்தது என்று வாய் கூசாமல் சொன்னார்.

ஜப்பான்காரன் காலம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். சண்டை வருவதற்கு முன்பே காய்ச்சல் கண்டு தவறிவிட்டார். அப்போது கல்யாணம் ஆகாதிருந்த மாமா எங்களை டவுனுக்கு, காஜா பெராங்குக்குக் கூட்டி வந்து தன் வீட்டில் வைத்துக்கொண்டார். முன்பக்கம் அவருடைய போட்டோ ஸ்டூடியோ, நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் நாங்கள். அம்மா, நான், கணவனை இழந்த பெரியம்மா, பெரியம்மாவின் ஒரே மகன். அவனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பதினெட்டு வயது, ஒட்டடைக் கோல் மாதிரி உடம்பு, என்னை அழ வைப்பதைத் தவிர வேறு திறமை இருந்ததாக ஞாபகம் இல்லை.

அப்பா வைத்துவிட்டுப் போனது ஒரு மடக்குக் கேமரா. ஊருக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. மூடினால் ஜெபப் புத்தகம் அளவுதான் இருக்கும். மூடியைத் திறந்தால் கறுப்புத் துருத்தி ஒன்று மடிப்பு மடிப்பாக வெளியே வரும், அதன் நுனியில் கண்ணாடி. என் ஒரு கையிலேயே அடங்கிவிடும். மாமாவின் கேமராவோ தேக்குப் பெட்டி. அதற்கு மூன்று கால், கறுப்புப் போர்வை, கண்ணாடித் தகடுகள் அடுக்கிய இன்னொரு பெட்டி. சுவரோரம் அது நிற்பதைப் பார்த்தால் வீட்டுக்குள் மாடு ஒன்று கட்டியிருப்பதுபோல இருக்கும்.

ஊரில் பாதிக் கடை பூட்டிக் கிடந்தபோதும் எங்கள் ஸ்டூடியோ திறந்திருந்ததற்குக் காரணம் ஜப்பான்காரர்களேதான். ஊருக்கு அனுப்பப் படம் எடுத்துக்கொள்ள வருவார்கள். சிலர் அரிசி கொடுப்பார்கள், சிலர் குளிக்க ஒரு துண்டு சவர்க்காரம். ஒன்றும் கொடுக்காமல் போகிறவர்களையும் குனிந்து கும்பிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அப்படி வந்த ஓர் அதிகாரிக்கு லேடாங் மலை மேல் ஆசை வந்துவிட்டது. வானம் தெளிந்த காலையில் தூரத்தில் நீலமாகத் தெரியுமே, அதே மலைதான். அவருடைய ஊரிலும் அப்படி ஒரு மலை இருக்கிறதாம். ஆட்களோடு ஏறி உச்சியில் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். இதையெல்லாம் எடுத்துச் சொன்னவர் அவரோடு வந்த துபாஷி. நம் தமிழர்தான், முன்பு பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்.

"மலை செங்குத்து. சின்னதா, கைக்கு அடக்கமா ஒரு கேமராவாப் பாத்துக் கொண்டு வரச் சொல்றார்" என்றார் துபாஷி.

"சின்னது நம்மகிட்ட ஏது சார்" என்றார் மாமா. "இந்தப் பெரியது ஒண்ணுதான். இதைத் தூக்க ஓர் ஆள் வேணும். என் அக்கா மகன் வருவான், அவனுக்கும் சேர்த்துச் சொல்லிடுங்க."

திரைக்குப் பின்னால் நின்ற எனக்குக் காது சுட்டது. காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கண்ணை மூடிப் பத்து நிமிஷம் முருகன் படத்தின் முன் நிற்கிறவர். கொட்டாங்கச்சி திருடினாலும் சாமி கண்ணைக் குத்தும் என்று என்னை மிரட்டுகிறவர். அவர் வாயில் இப்படி ஒரு பொய். அதுவும் என் அப்பாவின் பொருள் இல்லவே இல்லை என்கிற பொய்.

சாப்பாட்டு வேளையில் கேட்டேவிட்டேன். மரவள்ளிக் கிழங்கைப் பிய்த்துக்கொண்டே மாமா சிரித்தார்.

"உங்கப்பா கேமரா கோழிக்குஞ்சைப் படம் பிடிக்கத்தான் லாயக்கு. அவ்வளவு பெரிய மலை அதுக்குள்ள எப்படிம்மா அடங்கும்?"

அண்ணனும் சிரித்தான். நான் அம்மாவைப் பார்த்தேன். செத்துப்போன புருஷனுக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அம்மா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மலையை எடுக்கப் பெரிய கேமரா வேண்டும் என்றால், எங்கள் முகத்தை எடுக்க முகம் அளவு கேமராவா வைத்திருக்கிறார்? எனக்கே தெரிந்தது இது. கேட்டால் வாயாடி என்பார்கள்.

மறுநாளிலிருந்து ஒத்திகை. பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு அண்ணன் புக்கிட் சீனா குன்றில் ஏறி இறங்க வேண்டும். சீனர் கல்லறைகளுக்கு நடுவே அவன் மூச்சு வாங்கி ஏறுவான், மாமா பின்னால் வருவார், நானும் ஒட்டிக்கொள்வேன். கிழங்கு தின்று வளர்ந்த கால் அது, பாதி மேட்டிலேயே நடுங்க ஆரம்பித்துவிடும். ஒருநாள் முட்டி மடங்கி ஒரு சமாதி மேலேயே உட்கார்ந்துவிட்டான். என்னை அழ வைக்கிறவன்தான், ஆனாலும் பார்க்கச் சகிக்கவில்லை. வீட்டுப் பெட்டிக்குள் காகிதக் கட்டுப்போல ஒரு கேமரா சும்மா கிடக்க, இந்தப் பையன் எதற்காக மாட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்?

அன்று எதிர்வீட்டு அத்தையின் மகனும் எங்களோடு வந்திருந்தான். அண்ணன் வயதுதான். துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு. அவன் பெட்டியை வாங்கி முதுகில் போட்டான், ஒரே மூச்சில் உச்சிக்குப் போய்விட்டு, வியர்வை கூட இல்லாமல் இறங்கி வந்தான்.

"மாமா, என்னையும் சேத்துக்குங்களேன். இவனால முடியாது. நான் தூக்கிட்டு வர்றேன், சோறு கூட வேணாம்" என்றான்.

மாமா எதற்கும் பதில் வைத்திருப்பவர். அன்று பெட்டியின் வாரைச் சரி செய்வதுபோல் குனிந்துகொண்டார். பிறகு, "ஒருத்தனுக்குத்தான்யா கேட்டு வாங்க முடிஞ்சுது" என்றார். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். கெட்டிக்காரனைத் தள்ளிவிட்டுச் சொந்தக்காரனைச் சேர்த்துக்கொள்கிற ஓரவஞ்சனை என்று நினைத்தேன்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. தோட்டங்களுக்கு லோரி வந்தது, அடுத்தது டவுனுக்குத்தான் வரும் என்றார்கள். மூன்று மாதம் வேலை, நல்ல சம்பளம், சோறு, துணி என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. சிறுபிள்ளை எனக்கு ரயில் என்கிற சொல் ஒன்றே போதுமாக இருந்தது. அண்ணன் ஏன் போகவில்லை என்று பெரியம்மாவிடம் கேட்டேன். பெரியம்மா என் வாயைப் பொத்தினார். பொத்திய கை வலித்தது.

புறப்படுவதற்கு முந்தின நாள் அதிகாரி சாமான்களைப் பார்க்க வந்தார். தேக்குப் பெட்டி, முக்காலி, தகட்டுப் பெட்டி எல்லாம் வரிசையாகத் தரையில் இருந்தன. அவர் முகம் சுருங்கியது. பூட்ஸ் காலால் பெட்டியைத் தட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். லோரியில் இடம் குறைவு, இத்தனை சாமானா, ஒரு கேமராவுக்கு இரண்டு ஆளா என்று கேட்கிறார் என்றார் துபாஷி. மாமா குனிந்து குனிந்து சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு மேலும் சும்மா இருக்க நான் என்ன கல்லா? உள்ளே ஓடி, துணிப் பெட்டியிலிருந்து அப்பாவின் கேமராவை எடுத்துத் துணியைப் பிரித்து, திரையை விலக்கிக்கொண்டு வந்து துபாஷியிடம் நீட்டினேன்.

"இது எங்கப்பாவோடது. நல்லா வேலை செய்யும். கனமே இல்லை."

அம்மா பின்னாலிருந்து என் சடையைப் பிடித்தது எனக்குத் தெரியும். பிந்திவிட்டது. துபாஷி அதைக் கையில் வாங்கி எடை பார்த்துச் சிரித்தார். "இதை வச்சுக்கிட்டா இல்லேன்னீங்க ஸ்டூடியோக்காரரே? இது போதுமே. நீங்க ஒருத்தர் வந்தாப் போதும், பையன் வேணாம்" என்றார். அதையே அதிகாரிக்கும் மொழிபெயர்த்தார்.

அதிகாரி மாமாவின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பொய் சொன்னதற்கு. மாமா குனிந்து கும்பிட்டார். நிமிர்ந்தபோது கன்னத்தில் விரல் பதிந்திருந்தது, உதட்டில் மட்டும் அந்தப் பழைய சிரிப்பு. "கொஞ்சம் குடுங்க சார்" என்று துபாஷி கையிலிருந்து கேமராவை வாங்கினார். மூடியைத் திறந்து துருத்தியை இழுத்தார். இழுக்கிறபோதே அவர் கட்டைவிரல் நகம் மடிப்புக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். என் உயரத்துக்கு மட்டும்தான் அது தெரிந்தது. மற்ற யாருக்கும் தெரியவில்லை.

"பாருங்க, கிழிஞ்சது. வெளிச்சம் உள்ள பூந்துடும். படம் ஒண்ணு கூடத் தேறாது. அதனாலதான் கேமரா கணக்குல இதைச் சேர்க்கலை. சின்னப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்."

அதிகாரி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஓட்டை வழியே வெயில் புள்ளியாக அவர் கண்ணில் விழுந்தது. ஏதோ முனகிவிட்டுக் கேமராவை மேசை மேல் போட்டார். பிறகு பையிலிருந்து ஜப்பான் எழுத்துப் போட்ட இரண்டு துணிப்பட்டைகளை எடுத்தார். ஒன்றை மாமா கையில் கட்டச் சொன்னார், இன்னொன்றை அண்ணன் கையில்.

அதிகாரியும் துபாஷியும் வாசல் தாண்டியதும் நான் கத்தினேன். நீங்கதான் கிழிச்சீங்க, நான் பார்த்தேன் என்று கத்தினேன். யாராவது எனக்காக நியாயம் கேட்பார்கள் என்று பார்த்தால், நடந்ததே வேறு. பெரியம்மா தள்ளாடி வந்து மாமாவின் காலில் விழுந்தார். அக்கா தம்பி காலில் விழுகிற கூத்தை அன்றுதான் பார்த்தேன். மாமா பதறிக் காலை இழுத்துக்கொண்டார். அம்மா அழுதுகொண்டே கேமராவை எடுத்து மூடித் துணியில் சுற்றினார். குற்றம் செய்தவருக்குக் கும்பிடு, எனக்கு முதுகில் ஓர் அடி. இந்த வீட்டில் நியாயம் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மனிதர்கள் கேட்காவிட்டால் என்ன, சாமி கேட்குமே என்று மரத்தடிப் பிள்ளையாரிடம் போனேன். மாமா கை முடங்க வேண்டும், அதுவரைக்கும் தோப்புக்கரணம் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிள்ளையார் அசையவில்லை.

அவர்கள் மலையில் இருந்தபோது எங்கள் சாலைக்கு லோரி வந்தது. அந்தத் துணிப்பட்டை கட்டியவன் ஜப்பான்காரர்களின் வேலையாள், அவனை எந்த லோரியும் தொடாது. இது வீட்டில் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று மறைத்துவிட்டு, பிள்ளை தெரியாமல் பேசினால் அடிக்கிறார்கள். எந்த ஊர் நியாயம் இது? ஒரு வீட்டுப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டுமானால் பொய் சொல்லி, அறை வாங்கி, செத்தவன் பொருளைக் கிழித்துத்தான் ஆக வேண்டும் என்று எங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அந்தப் பாவிகளை ஆண்டவன் கேட்டானோ இல்லையோ, நான் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

லோரியில் எதிர்வீட்டு அத்தையின் மகனும் ஏறினான். ஏற்றினார்கள் என்று சொல்ல வேண்டும். அத்தை ஒரு சட்டையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். நான் வாசலில் நின்று கையாட்டினேன். பொறாமையாக இருந்தது எனக்கு.

மாமாவும் அண்ணனும் திரும்பி வந்தார்கள். அண்ணனின் தோளில் வார் அறுத்துப் புண்ணாகியிருந்தது, கையில் பட்டை அப்படியே இருந்தது. தகடுகளைக் கழுவிப் பார்த்தால் உச்சியில் ஒரே மூடுபனி. அதிகாரி எதன் மேல் நிற்கிறார் என்றே தெரியவில்லை, மலைக்குப் பதில் ஏதோ ஒரு சலவைத் துணிக்கு முன்னால் நிற்பதுபோல் இருந்தது. இதற்கா அந்த மாட்டைச் சுமந்தீர்கள் என்று கேட்டேன். மாமா படங்களைக் காய வைத்தார்.

என் ஆற்றாமையைக் கொட்ட ஆள் கிடைக்காமல் ஒரு மாலை எதிர்வீட்டுக்குப் போனேன். அத்தை படியில் உட்கார்ந்திருந்தார். முழுக்கதையையும் சொன்னேன். அப்பாவின் கேமரா எவ்வளவு லேசு, அதை எப்படி வேண்டுமென்றே கிழித்தார், பெரிய பெட்டிதான் வேண்டும் என்று எப்படி அடம் பிடித்தார், அதனால் எங்கள் அண்ணனுக்குச் சயாம் ரயில் கூடக் கிடைக்காமல் போயிற்று என்று எல்லாம்.

அத்தை கடைசியில், "அது அவ்வளவு கனமா?" என்று மட்டும் கேட்டார்.

"ரொம்பக் கனம் அத்தை. தூக்க ஓர் ஆள் இல்லாம முடியாது."

அவர் எங்கள் ஸ்டூடியோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுல அப்படிக் கனமா ஒண்ணும் இல்லாமப் போச்சே" என்றார்.

போயும் போயும் அந்தப் பெட்டிக்கா இவர் ஏங்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. லேசானதுதான் நல்லது என்று இவ்வளவு நேரம் படித்துப் படித்துச் சொன்னேனே, இவருக்குமா புரியவில்லை என்று முனகிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.