பத்தாவது ஆளின் முடிச்சு

1986 செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருபது. வானம் மூடிக் கிடந்தது; மழையும் இல்லை, காற்றும் இல்லை. காரிமங்கலத்தில் சாலையோரமாக நான் வாடகைக்கு எடுத்திருந்த ஷெட்டில் மின்சாரம் நூற்றைம்பது வோல்ட்டுக்கு இறங்கியிருந்தது. மூன்று டியூப் லைட்டுகளில் இரண்டு எரியவில்லை. அந்த அரை இருட்டில்தான் தொழிற்சாலை ஆய்வாளர் உள்ளே வந்தார்.

யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் நின்றபடி பேனா முனையால் ஒவ்வொரு பெண்ணாகச் சுட்டி எண்ணினார். அவருடைய உதடு அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தனை பேருக்கு வேலை குடுக்கறீங்க?"

"ஒம்பது பேருங்க சார்."

"பத்து இருக்கே."

"இல்லீங்க சார், ஒம்பதுதான். வருகைப் புத்தகத்தைப் பாருங்க."

"புத்தகம் அப்புறம் பாக்கறேன். ஆளத்தான் எண்ணினேன்."

திரும்ப எண்ணினார். பத்து. நான் எண்ணினேன். ஒன்பது. திரும்ப எண்ணினேன், அப்போதும் ஒன்பது.

"பத்தாவது யாருங்க சார்?"

"அதோ, கடைசில முதுகக் காட்டிட்டு உக்காந்திருக்கே அந்தம்மா. ஏம்மா, ஒம் பேரு என்ன? பாருங்க, திரும்பக்கூட மாட்டேங்குது."

அவர் காட்டிய இடத்தில் ஒரு முக்காலியும், செப்புக் கம்பியைச் சுருளாகக் கையால் சுற்றும் காயில் மெஷினும் இருந்தன. முக்காலியில் யாரும் இல்லை. மெஷினின் கைப்பிடி மட்டும், யாரோ இப்போதுதான் விட்டு எழுந்த மாதிரி மெல்ல ஆடி நின்றது. நான் பெண்களைப் பார்த்தேன். ஒன்பது பேரும் வேலையை நிறுத்திவிட்டு அந்த முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள், கழுத்தில் ஜெபமாலை போட்டவள், சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆய்வாளர் எழுதினார்: பெண் தொழிலாளர் பத்து, ஒருவர் பெயர் சொல்ல மறுத்தார்.

இந்தப் பத்து எனக்கு ஏன் உயிர் போகிற விஷயமாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் படித்தவன். ஊருக்கு டெலிவிஷன் வந்த காலம் அது. லோ வோல்டேஜ் அதற்கும் முன்பே வந்திருந்தது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடகு வைத்து வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்ய ஆரம்பித்தேன். முதல் வருடம் மூன்று பெண்கள், இரண்டாம் வருடம் ஆறு, மூன்றாம் வருடம் பத்து. வளர்கிறோம் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, 86 ஜனவரியில், கணக்கு எழுதித் தரும் தருமபுரிக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்.

"பவர் வெச்சுப் பத்துப் பேரு வேலை செஞ்சா அது ஃபாக்டரி சார். வரைபடம், லைசென்ஸ், பொம்பளைங்களுக்குக் கக்கூஸ், ஜன்னல் இத்தனை அடி, எல்லாம் கேப்பாங்க. இல்லாட்டிக் கேஸு. நீங்க ஏன் வம்புல மாட்டறீங்க? ஒம்பதோட நிறுத்திக்குங்க."

எட்டு மாதத் தவணை பாக்கி இருந்தது. கேஸ் என்று ஒன்று வந்தால் வங்கிக்காரர்கள் வீட்டைத் தொட்டுவிடுவார்கள் என்று மூன்று ராத்திரி தூங்கவில்லை. ஜனவரி கடைசி நாளில், கடைசியாகச் சேர்ந்தவளை நிறுத்தினேன்.

அவளுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கல்யாணமாகி ஆறு மாதம். பிறந்த வீட்டில் கன்னடம் பேசுவார்கள். இடது கைக்காரி. கடைசி முக்காலியில்தான் உட்காருவாள். நிறுத்துகிறேன் என்று சொன்னபோது அழவில்லை. "நாளைக்கும் வரக் கூடாதுங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள். கூடாது என்றேன். பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நான் தினமும் ஆட்களை எண்ண ஆரம்பித்தேன். காலை ஒன்பது பத்துக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை, ஐந்துக்கு ஒரு தடவை. ஒன்பது, ஒன்பது, ஒன்பது. நடுவில் முன்னறையில் உட்கார்ந்து டெஸ்ட் செய்வேன். அல்லது கடைகளுக்குச் சரக்குப் போட பஸ் ஏறிவிடுவேன்.

மார்ச் மாதம்தான் அந்த முடிச்சைப் பார்த்தேன்.

காயில் சுற்றி முடித்ததும் கடைசிச் சுற்று அவிழாமல் இருக்கப் பருத்தி நூலால் கட்ட வேண்டும். பத்துப் பேர் கட்டினால் பத்து விதமாக இருக்கும். கையெழுத்தைப் போலத்தான். எந்தக் காயில் யார் சுற்றியது என்று முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நிறுத்தப்பட்டவளின் முடிச்சு இடது பக்கம் சாய்ந்திருக்கும். வேறு யாருக்கும் அது வராது. மார்ச்சில் ஒரு மாலை, அன்றைய சரக்கில், அந்த இடது சாய்வு முடிச்சோடு இரண்டு காயில்கள் இருந்தன.

பழைய சரக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கம்பி சுற்றுவதற்கான வெற்று உருளைகளான பாபின்களைத் தினமும் காலையில் நானே எண்ணி, சிவப்புப் பென்சிலால் தேதி போட்டுக் கொடுப்பேன். அந்த இரண்டிலும் அன்றைய தேதி இருந்தது. அதற்குப் பிறகு முடிச்சுகளையும் எண்ணினேன். மார்ச்சில் நாற்பத்தொன்று. ஏப்ரலில் ஐம்பத்தேழு.

மே மாதம் பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் முன்சீட்டில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் நிறுத்தியவளின் ஊர்ப்பக்கம் ஒரு சின்னப் பெண் கிணற்றில் விழுந்துவிட்டாளாம், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். யார், எந்த வீடு என்று நான் கேட்டிருக்கலாம். கேட்காமலே இறங்கிவிட்டேன். அன்று மாலை சரக்கைப் பிரித்தபோது இடது முடிச்சு மூன்று இருந்தது. அவற்றைத் தனியாக எடுத்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி நன்றாக இறுகியிருந்தது. ஒரு சுற்றுகூடக் குறையவில்லை. பிரித்து எண்ணிப் பார்த்தேன்.

ஜூனில் ஒரு மத்தியானம் ஒன்று ஐந்துக்கு, வழக்கத்துக்கு மாறாக, முன்னறையில் ஃபேனை நிறுத்தினேன். வெயில் அஸ்பெஸ்டாஸ் கூரையில் படபடத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சுக்கெல்லாம் அடியில், எங்கேயோ தூரத்திலிருந்து வருவது போல, ஒரு குரல் எண்ணிக்கொண்டிருந்தது. "தொம்பத்தேளு, தொம்பத்தெண்டு, தொம்பத்தொம்பத்து, நூரு." நூறானதும் நிற்கும், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். என்னுடைய ஒன்பது பேரில் கன்னடத்தில் எண்ணுகிறவள் யாரும் இல்லை. நான் எழுந்து கதவைத் திறந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. ஒன்பது பெண்கள், ஒன்பது சோற்றுத் தூக்குகள், ஒன்பது வாய்களும் மூடியிருந்தன.

மூத்தவளை மட்டும் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"உள்ள யாராச்சும் வந்து போறாங்களாம்மா?"

"யாருங்க சார் வருவாங்க? இங்க என்ன கொட்டியா கெடக்குது?"

"கன்னடத்துல எண்ணறது கேட்டுச்சு."

"எங்கள எண்ணி எண்ணி ஒங்களுக்குக் காதுலயும் எண்ற சத்தம் வந்திருச்சுங்க சார். ஒரு நாளைக்கு மூணு வாட்டி எண்றீங்க. நாங்க என்ன ஆட்டுக்குட்டிங்களா, பட்டி தாண்டி ஓடிப் போவ?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் சாமி கும்பிடுகிறவன்தான், ஆனால் பேய்க் கதையை நம்புகிறவன் இல்லை. இருந்தும் அந்தக் கோடையில் ஷெட்டுக்குள் தனியாக ஐந்து நிமிடம் நிற்க என்னால் முடியவில்லை. நான் நிறுத்தியதால் கிணற்றில் விழுந்தவள் வேலைக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்பது என் மனதில் ஒரு முடிவாகவே உட்கார்ந்துவிட்டது. கூலி கேட்காமல், முகம் காட்டாமல், காயில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். செப்டம்பர் 12 அன்று ஆய்வாளர் பேனாவை நீட்டிப் "பத்து" என்றபோது எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை. அவருக்கும் தெரிந்துவிட்டதே என்ற பயம்தான்.

பதினைந்தாம் தேதி திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு வழக்கம் போல எண்ணினேன். ஒன்பது. தருமபுரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். திரும்பி, பத்து மணிக்குப் பின்பக்கமாக வந்தேன். அது பழைய நிலக்கடலைக் கிடங்கு. பின்னால் காயில்களை வார்னிஷில் முக்கி எடுக்கும் சின்ன அறை ஒன்றும், வெளியே திறக்கும் ஒரு கதவும் உண்டு. கதவு ஒருக்களித்திருந்தது. அந்த அறைக்குள் அட்டைப்பெட்டிகளின் மறைவில், இடது கையால் ஒரு பழைய மெஷினைச் சுற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள்.

நான் கத்தினேனா என்று நினைவில்லை. கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். ஒன்பது பேரும் ஓடிவந்தார்கள்.

"உசுரோட இருக்கியா?" என்று கேட்டேன்.

"இருக்கேனுங்க சார்," என்றாள், தப்பு செய்தவளைப் போல.

மூத்தவள்தான் முன்னால் வந்தாள். "திட்டறதா இருந்தா என்னயத் திட்டுங்க சார். நாந்தான் வரச் சொன்னேன். கம்பெனியில வேலைன்னு சொல்லித்தான் இவள அந்த வூட்டுல குடுத்தாங்க. வேல போச்சுன்னு தெரிஞ்சா அன்னிக்கே ஆத்தா வூட்டுக்குத் தொரத்திருவாங்க. அதான் காலைல தூக்குச் சட்டியோட கெளம்பி வந்துருவா. நாள் பூரா இந்த ரூமு, நீங்க எண்ற நேரத்துக்கு வேலியோரம்."

"கூலி?"

"இவ சுத்தறத எங்க கூலிச் சீட்டுல ஏத்திக்குவோம். சனிக்கெழமை பிரிச்சுக் குடுத்துருவோம். ஒங்க காசுல ஒரு பைசா கூட எடுக்கலீங்க, மாதா மேல சத்தியமா."

ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். கிணற்றில் விழுந்தது யாரோ, எந்த ஊரோ. ஏழரை மாதமாக இந்தப் பெண் என் சுவருக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறாள்.

"அப்ப வெள்ளிக்கெழமை அவரு எண்ணுனது உன்னயத்தான். நல்ல நேரம் பாத்து வெளிய வந்து உக்காந்தியே."

அவள் மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் மற்றவர்களைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கெழமை நான் வரலீங்க சார். மாமியாரோட தீர்த்தமலைக் கோயிலுக்குப் போயிட்டேன்." முந்தானையை அவிழ்த்து இரண்டு பஸ் டிக்கெட்டுகளை எடுத்துக் காட்டினாள். "தீர்த்தங்கூட எல்லாத்துக்கும் கொண்டாந்தேன். அக்காவும் குடிச்சாங்க."

"தண்ணிதானேன்னு குடிச்சேன்," என்றாள் ஜெபமாலைக்காரி. அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு அவரு பத்துன்னதும் எங்களுக்கே பகீருன்னு ஆயிருச்சுங்க சார். இவ இல்லியே, அப்ப அவரு யாரக் காட்டறாருன்னு. அந்தக் கைப்புடி ஆடுச்சே, நீங்களும் பாத்தீங்கதான?"

பார்த்தேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் ஆய்வாளரின் நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தருமபுரி வக்கீலிடம் போனேன். ஆய்வாளர் எண்ணியது தப்பு, அன்று ஒன்பது பேர்தான், டிக்கெட்டே சாட்சி என்று ஆதியிலிருந்து சொன்னேன். காலியாக இருந்த முக்காலியைப் பற்றியும் சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

"அந்தப் பொண்ணு அன்னிக்கு வரலைன்னு யாரு சொல்றது?"

"அதுவேதான் சொல்லும்."

"கூண்டுல ஏறி வெள்ளிக்கெழமை வரலைன்னு சொல்லும். சரிங்க. மத்த நாள்ல எங்கம்மா இருந்தேன்னு அடுத்த கேள்வி கேப்பாங்க. என்ன சொல்லும்? அதோட புருஷன் கோர்ட்டு வாசல்ல நிப்பானா மாட்டானா?"

மேஜை மேல் வைத்திருந்த டிக்கெட்டுகளை எடுத்துப் பையில் வைத்தேன்.

"இன்னொண்ணு. அன்னிக்குப் பத்துப் பேரு இருக்கணும்னு சட்டம் சொல்லல. முந்துன பன்னெண்டு மாசத்துல ஏதோ ஒரு நாள் பத்துப் பேரு இருந்தாலே போதும். நீங்க ஜனவரி வரைக்கும் பத்து வெச்சிருந்தீங்கல்ல? ஒங்க வருகைப் புத்தகமே சாட்சி. அந்தப் பொண்ண நிறுத்துனதுல ஒங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

எட்டு மாதத்தில் ஆட்களை ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தடவை எண்ணியிருக்கிறேன். சட்டத்தின் அந்த ஒரு வரியை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

வழக்கை நடத்தினால் அவள் வீட்டுக்குத் தெரியும். அவள் வாழ்வு போகும். நடத்தாவிட்டால் என் பேரில் குற்றம் பதியும். வங்கி என்ன செய்யும் என்று தெரியாது. வீடு திரும்பும் பஸ்ஸில் இரண்டையும் மாற்றி மாற்றி எடை போட்டேன். அவளைக் கூண்டில் ஏற்றி ஜெயித்தாலும் புத்தகத்தில் ஜனவரி இருக்கிறது. ஏற்றாமல் தோற்றால் அவளாவது மிஞ்சுவாள். நவம்பரில் நீதிபதி முன் நின்று, பத்துப் பேர் வேலை செய்தது உண்மை என்று ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு அந்த முக்காலியில் யாரும் இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. யாரும் இல்லை என்று எனக்கு நிச்சயமும் இல்லை. வங்கிக்காரர்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டால் தவணையைத் தள்ளி வைக்கிறோம் என்றார்கள்.

லைசென்ஸ் வந்ததும் அவள் பெயரைப் பதிவேட்டில் பத்தாவதாக எழுதினேன். அவள் அந்தக் கடைசி முக்காலியில் உட்கார மறுத்தாள். வேறு யாரும் உட்காரவில்லை. நான்கு வருடம் அது காலியாகவே கிடந்தது. அதைத் தூக்கி வெளியே போடவும் யாரும் முன்வரவில்லை. பாபின், கம்பி, ரிலே, ஸ்க்ரூ எல்லாவற்றையும் முன்பு போலவே எண்ணினேன். ஆட்களை மட்டும் எண்ணுவதை விட்டுவிட்டேன். பத்து என்று எழுதி வைத்திருந்தது. எண்ணினால் பதினொன்று வந்துவிடுமோ என்று இருந்தது.

அபராதம் எழுநூற்றைம்பது, வக்கீல் நானூறு, வரைபடம் முந்நூற்றைம்பது, லைசென்ஸ் நூற்றிருபது, கழிப்பறையும் இரண்டு ஜன்னலும் இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்து, தருமபுரிக்குப் போக வர ஏழு தடவை பஸ் செலவு இருபத்து நான்கு ஐம்பது. ஆக மொத்தம் நான்காயிரத்து ஐந்நூற்று ஒன்பது ரூபாய் ஐம்பது காசு.