நீ ‘ரைட்’டுன்னாதான் எடுப்பேன்

தொண்ணூறுகளின் மத்தியில் நாங்கள் மந்தைவெளியில் குடியிருந்தோம். கிண்டியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு, கணவரின் நண்பருடைய காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கவாட்டில் வந்த லாரி இடித்து, கார் கவிழ்ந்தது. ஓட்டியவருக்கு விலா எலும்பு முறிந்தது. முன்சீட்டில் இருந்த என் கணவருக்குத் தொடை எலும்பு உடைந்தது. பின்சீட்டில் இருந்த எனக்கு நெற்றியில் தையல், அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எனக்கு எமனாக வந்தது.

மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த கணவரை விசாரிக்க, சாத்துக்குடிப் பையும் கையுமாகத் தினமும் ஆட்கள் வந்தார்கள். அத்தனை பேருக்கும் காபி கலந்து கொடுத்து, லாரி எந்தப் பக்கம் வந்தது, கார் எப்படி உருண்டது என்று முதலிலிருந்து கதை சொல்வது என் வேலை. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி நொறுங்கும் சத்தம் எனக்குள் மறுபடி கேட்கும். கதையைக் கேட்டு முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்போது, தவறாமல் சொல்வார்கள்: “நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகல!”

ஒன்றும் ஆகாத எனக்குத் தூக்கம் வரவில்லை. தெருவில் பிரேக் சத்தம் கேட்டால் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பஸ் படியில் கால் வைத்தால் உடம்பு உதறியது. மாமியாரிடம் சொன்னேன்.

“கால் ஒடிஞ்சவனே வாயைத் திறக்காம படுத்துண்டிருக்கான். ரெண்டு காலும் நன்னா இருக்கற நீ ஏன்டி பஸ்ஸுக்குப் பயப்படறே?” என்றார். தைரியமாக இரு என்று என் அண்ணன் போதித்தார். தைரியம் என்ன, கடையில் நிறுத்து வாங்குகிற சாமானா? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கணவர் சம்பளமில்லாத விடுப்பில் இருந்ததால் என் வேலையை நம்பித்தான் வீடு ஓடியது. பஸ் ஏற முடியாமல், ராஜா அண்ணாமலைபுரம் வழியாகப் பாலம் தாண்டி நடந்தே போனேன். தினமும் தாமதம். இன்னொரு நாள் லேட்டானால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் தலைமை ஆசிரியை. மறுநாளே பாதி வழியில் செருப்பு வார் அறுந்து தொலைத்தது. வேறு வழியில்லாமல் ஓர் ஆட்டோவைக் கைகாட்டினேன்.

ஏறியதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “மெதுவாப் போங்க” என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி, “மெதுவா! பஸ் வருது, மெதுவா!” என்றேன். டிரைவர் கொஞ்ச நேரம்தான் பொறுத்தார்.

“இன்னாம்மா, சைக்கிள்காரன்லாம் நம்மள தாண்டிப் போய்க்கினு கீறான். இன்னும் இன்னா மெதுவா?”

அத்தனை நாள் அடக்கி வைத்தது அந்த மனிதர் தலையில் போய் விடிந்தது. “கவிழ்ந்த கார்லேர்ந்து வந்தவ நான்! உனக்கு ஒண்ணும் ஆகலைன்னு நீங்களும் சொல்லிடுங்க!” என்று கத்தினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பாலத்துக்கு முன்னால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார். இறக்கிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எரிச்சலோடு திரும்பி, “அப்ப நீயே கண்டக்டரா இரு. நீ ரைட்டுன்னாதான் எடுப்பேன். ஹோல்டான்னா நிப்பேன். போதுமா?” என்றார்.

கிண்டல் என்று புரிந்தது. ஆனால் ஆள் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஒரு வேன்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

“யோவ், அம்மா இன்னும் ரைட் குடுக்கலய்யா! சுத்திக்கினு போ!”

முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரைட்” என்றேன். ஆட்டோ கிளம்பியது. பாலத்தில் ஒரு பஸ் உரசுகிற மாதிரி வந்ததும், “ஹோல்டான்!” என்று அலறினேன். முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக நிறுத்தினார். பஸ் போகட்டும் என்று காத்திருந்து, மறுபடி ரைட் சொன்னேன். இப்படியே நின்று நின்று போனோம். பாலம் இறங்கும்போது, வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற என் பழைய குரல் திரும்பியிருந்தது.

பள்ளிக்கூட வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் இன்னும் கம்பியைப் பிடித்தபடியே இருந்தேன்.

“எறங்கறதுக்கும் ரைட் குடுக்கணுமா?” என்றார்.

விபத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் முதல்முதலாக வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவே இல்லை. விட்டால் போதும் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

லாரி இடித்தபோது என்னை யாரும் கேட்கவில்லை. அப்புறம் ஆறுதல் சொல்ல வந்தவர்களும், கிளம்பலாமா, கொஞ்சம் நிற்கட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டவர் அந்தக் கோபக்காரர் ஒருவர்தான், அதுவும் என் தொல்லை தாங்காமல். பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் எந்த வண்டியில் ஏறினாலும், வாய்க்குள் ஒரு ‘ரைட்’ சொல்லிக்கொண்ட பிறகுதான் எனக்குப் பயணம் ஆரம்பமாகிறது.