வேரைக் கீறிப் பார்த்த கோடை

‘ஸ்டெல்லா வீட்டு அடிபம்புக்குப் பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு செடி. நீண்ட இலை. ஓரமெல்லாம் சுருக்கம். மென்றால் லேசான புளிப்பு.’

2005 மார்ச்சில் என் டைரியில் எழுதிய குறிப்பு. போன வாரம் வேறு ஏதோ தேதியைச் சரிபார்க்க டைரியை எடுத்தவன், இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

ஸ்டெல்லாவுக்கு மரக்காணத்தில் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே வீடு. பின்னால் ஒரு துண்டு கீரைத் தோட்டம். ஈ.சி.ஆர். ஓட்டல்களுக்கு அவள்தான் கீரை போடுவாள். 2004 டிசம்பரில் கடல் உள்ளே வந்தது. வீடு தப்பியது, மண் தப்பவில்லை. காய்ந்த பிறகு தோட்டம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அரைக்கீரை விதைத்தாள், முளைக்கவில்லை. தண்டுக்கீரையும் அப்படியே.

அவள் கணவர் அந்தோணிக்கு உப்பளத்தில் வேலை. திண்டிவனத்தில் இருக்கும் அவர் தம்பி, ரைஸ்மில்லில் இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“நான் வார்ற உப்பு பத்தாதா? வீட்டுக்குப் பின்னாடி இன்னொரு உப்பளம் எதுக்குடி?” என்பார் அந்தோணி.

“நீ உன் உப்ப வாருய்யா. என் தோட்டத்தப் பேசாத.”

அப்போதுதான் யாரும் விதைக்காத அந்தச் செடி வந்தது. செடிகளைப் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டு அந்தப் பக்கம் திரிகிற என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஸ்டெல்லா அறிவித்தாள்: “கோடை தாண்டட்டும். இது நின்னா நானும் இங்கதான். செத்துச்சுன்னா திண்டிவனம் வர்றேன். அவ்ளோதான் பேச்சு.”

இந்தப் பந்தயம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்கிறீர்களா? புத்தகங்களைப் புரட்டியதில் செடி சுக்கான் குடும்பம் என்று தெரிந்தது. அதில் இரண்டு விதம். நாம் சமைக்கிற சுக்கான் கீரை ஒரே வருஷத்தில் விதைவிட்டு முடிந்துபோகும். இன்னொன்று பல்லாண்டுச் செடி. இலையெல்லாம் உதிர்ந்தாலும் வேர் மண்ணுக்குள் கிடந்து திரும்ப வரும். இது முதல் வகை என்றால்? எவ்வளவு நல்ல மண்ணிலும் கோடையில் செத்துவிடுமே... ஒரு குடும்பம் தப்பான செடியை நம்பி ஊரை விட்டுப் போவதா?

“வேற செடி மேல பந்தயம் வைம்மா” என்றேன்.

“வேற எது மொளச்சிருக்குது சார்? சொல்லுங்க, வைக்கிறேன்.”

மே மாதம் இலைகள் துருப்பிடித்த மாதிரி சிவந்து உதிர்ந்தன. நான் போனபோது அந்தோணி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். பாடி எடுத்தாச்சு. சாவு வீட்ல நிக்கிற மாதிரி நிக்காதீங்க, டீ குடிங்க.”

நான் குத்துக்காலிட்டு, ஒரு கரண்டியால் மண்ணை விலக்கினேன். விரல் பருமனில் வேர், ஆழமாக இறங்கியிருந்தது. நகத்தால் கீறினேன். உள்ளே மஞ்சள். ஈரம்! ஒரே வருஷத்தில் முடியப்போகிற செடி இப்படிச் சேர்த்து வைக்குமா?

“இது சாகல. தூங்குது” என்றேன்.

“எப்ப எழுந்திரிக்குமாம்?”

“மழைக்கு.”

“மழைக்கா! அதுவரைக்கும் என் தம்பி வேலைய மடியில வச்சிக்கினு ஒக்காந்திருப்பானா?”

ஸ்டெல்லா சாக்கை அவிழ்த்து, சோற்றுப் பானையை மட்டும் வெளியே எடுத்து, உலை வைத்தாள்.

அந்தக் கோடை எனக்குக் கனவு போலத்தான் நினைவிருக்கிறது. உப்பளப் பாத்திகளில் வானம் கிடக்கும். கானலில் உப்புக் குவியல்கள் தரையை விட்டு மிதக்கும். உப்பு வாரும் பலகையோடு நடக்கிறவர்களும் மிதப்பார்கள். ஊரே வெயிலில் வேலை செய்ய, பம்படியில் மட்டும் ஒருவர் மண்ணுக்குள் படுத்துத் தூங்குகிறார்... மழை வந்தால் உப்பளம் மூழ்கி எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அப்போதுதான் அவர் எழுந்துகொள்வார். எழுந்துகொள்வாரா?

ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஒருநாள் காலை அந்தோணி ரோட்டில் என் சைக்கிளை மறித்தார்.

“சார்... பொணம் எழுந்திரிச்சிருச்சு!”

பீடி போலச் சுருண்ட செந்நிறத் துளிர். மழை விட்டதும் சுற்றிலும் அரைக்கீரை விதைத்தாள் ஸ்டெல்லா. அதுவும் முளைத்தது.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அரிப்பு. “உப்பக் கழுவுனது மழைம்மா. இந்தச் செடி கொஞ்சம் உப்பு தாங்குற ஜாதியாக்கூட இருக்கலாம். மண்ணு நல்லாயிட்டதுக்கு இது சாட்சி இல்ல.”

“இருக்கட்டும் சார். இது இல்லன்னா, மழை வர்றப்ப நான் இந்த ஊர்ல இருந்திருப்பனா?”

பதில் சொல்லுங்கள் பார்க்கலாம்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு: கோடையில் காய்ந்ததும் பிடுங்கிவிடாதீர்கள். லேசாக ஈரம் காட்டினால் போதும். மழைக்காலத்தில் வேரைப் பிரித்து நடலாம். பெயரை உறுதி செய்யாமல் எந்தச் செடியையும் சட்டியில் போடாதீர்கள். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்குச் சுக்கான் குடும்பமே ஆகாது.

அடுத்த ஜனவரியில் செடி காய்த்தது. காய்களைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கொக்கிகள். இப்படிக் கொக்கி வைத்த பல்லாண்டுச் சுக்கான் நீலகிரிப் பக்கம் உண்டு என்கிறது புத்தகம். மலைச்செடி கடற்கரைக்கு எப்படி வந்தது? கடல் ஏறிய பிறகு நிவாரண லாரிகளில் இந்த வெயில் ஊருக்கு மூட்டை மூட்டையாகக் கம்பளித் துணி வந்தது. ஸ்டெல்லாவுக்குக் கிடைத்த நீல ஸ்வெட்டரை அந்தப் பம்படியில்தான் அலசினாளாம். கம்பளியில் மாட்டிய விதையாக இருக்குமோ?

கதை ரொம்ப அழகாக இருக்கிறது. எனக்குச் சந்தேகமே அதனால்தான். அந்த ஸ்வெட்டர் எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.